ஆடி கழியட்டும் என்றேன்

உப்பளம், புதுச்சேரி
ஐப்பசி 19

அன்பு மகள் அன்புசெல்விக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளை அபியும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், தினமும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை போகிறது, மனசு ஒப்பவில்லை. என் நெஞ்சில் வைத்த ஸ்டென்ட் அதன் வேலையைச் செய்கிறது, மாத்திரையை அம்மா மறக்க விடுவதில்லை. பிரான்சுக்குப் போன் போட்டால் ஆச்சு, இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நின்று கேட்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் பார்வதி சித்தி மாடியைக் காலி செய்துவிட்டு மகன் ஆகாஷோடு பிள்ளைச்சாவடியில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆறு பேர் இருக்கிற வீட்டில் இவர்களும் இரண்டு பேர். சாவியைக்கூட என் கையில் தரவில்லை, டி.வி. மேல் வைத்துவிட்டுப் படியிறங்கிவிட்டாள். அம்மா அன்றைக்கே மாடியைக் கழுவிவிட்டாள், வாடகைக்கு விட வேண்டுமாம். நீயும் பத்திரப்படி நம்முடையதுதானே அப்பா, அவர்களாகப் போனால் நாம் என்ன செய்வது என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாய். அதை நான்கு முறை போட்டுக் கேட்டேன். என் மகள் குரல்தானா என்று இருந்தது.

பத்திரத்தில் இருப்பது உண்மைதான். நானும் சித்தப்பாவும் ஐஸ் கடை வருமானத்தில் பாதிப்பாதி போட்டு இந்த வீட்டை வாங்கியபோது நீ மூன்றாம் வகுப்பு. எங்கள் அப்பா போனதும் அவருடைய அண்ணன்கள் நடு வீட்டில் சுவர் எழுப்பி, அடுப்படி ஒரு பக்கம் கிணறு ஒரு பக்கமாகப் பிரித்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இந்த வீட்டுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று, இருவரில் ஒருவர் இறந்தால் உயிரோடு இருப்பவருக்கே வீடு முழுதும் சேரும் என்று எழுதச் சொன்னோம். எழுதியவர் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கச் சொன்னார். அண்ணன் தம்பிக்குள் என்ன யோசனை என்று இளித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டோம். பெண்டாட்டி பிள்ளைகளுக்கு அந்த வரியில் இடமில்லை என்பது எங்கள் மரமண்டையில் ஏறவில்லை.

இனி எழுதுவது அம்மாவுக்குக்கூடத் தெரியாது. எனக்கு ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சித்தப்பா பத்திரத்தை மாற்றி எழுத எல்லாம் தயார் செய்துகொண்டு வந்தான். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அண்ணியும் அன்புவும் நடுத்தெருவுல நிப்பாங்கண்ணா, எனக்கே ஆசை வந்துட்டா என்னை யாரு தட்டிக் கேப்பா, வா, ஆளுக்குப் பாதின்னு மாத்திடலாம் என்றான். மாற்றினால் நஷ்டம் அவனுக்குத்தான், சாகப்போகிறவன் நான் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அன்றைக்கு ஆடி ஐந்து. ஆடியில் யாராவது பத்திரம் பதிவார்களா, ஆடி கழியட்டும், ஆவணி முதல் முகூர்த்தத்தில் போகலாம் என்று நான்தான் சொன்னேன். ஆடி இருபத்தாறாம் தேதி தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஐஸ் பெட்டியை இறக்கி வைத்தவன் அப்படியே உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. உங்களைக் காப்பாற்ற வந்தவன் பெண்டாட்டி பிள்ளைதான் இப்போது வெளியே நிற்கிறார்கள்.

கருமாதி அன்று பந்தியில் அத்தனை உறவும் உட்கார்ந்திருந்தபோது அம்மா, வீடு இனி எங்களுதுதான், பார்வதி இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும் என்றாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சொல்லவில்லை. முழு வீடு என்றதும் எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் ஆசை எட்டிப் பார்த்தது செல்வி, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. போன வாரம் பாதி வீட்டைப் பார்வதி பெயருக்குச் செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிக்கொண்டு பிள்ளைச்சாவடிக்குப் போனேன். பார்வதி காப்பி கொடுத்தாள், காகிதத்தைத் தொடவில்லை. அன்னைக்கு எல்லாரும் இருக்கறப்ப வாயத் தொறக்கலியே மாமா, இப்ப யாரும் இல்லாதப்ப குடுக்கறது எனக்கு வேணாம் என்றாள். திரும்பி வர பஸ் ஏறியது மட்டும் நினைவு இருக்கிறது.

வாங்கிக்கொள்கிறவள் சம்மதம் இல்லாமல் செட்டில்மெண்ட் செல்லாதாம். அதனால் மாடி பார்வதிக்கு, கீழ்வீடு உங்களுக்கு என்று உயில் எழுதிவிட்டேன். நான் கண்ணை மூடிய பிறகு நீயும் அம்மாவும் அதை எதிர்த்து வழக்குப் போட்டால், சித்தியால் கோர்ட்டுக்கு அலைய முடியாது என்றார் வக்கீல். அம்மா என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். நீ என்ன செய்வாய் என்று தெரியவில்லை. பெற்ற மகளுக்கு அப்பன் எழுதக்கூடாத வரிதான், எழுதிவிட்டேன். கோபம் வந்தால் கோபத்தோடேயே பதில் எழுது, ஆனால் எழுது.

அபிக்குச் சளி பிடித்தால் உடனே குளிப்பாட்டாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். குறையில்லாமல் நீங்கள் மூவரும் வாழ வேண்டும். பதிலை வீட்டுக்கு அனுப்பாதே, ஐஸ் கடை விலாசத்துக்கு அனுப்பு. கடைப் பெயர்ப்பலகையில் இன்னும் எங்கள் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது, தபால்காரருக்குத் தெரியும்.

உன் அப்பா,
காசிலிங்கம்