பேஜரில் வந்த புத்திமதி

பாளையங்கோட்டை, 1998

அன்புள்ள அத்தானுக்கு,

பேஜரை மறந்து வைத்துவிட்டு மதுரைக்குப் போய்விட்டீர்கள். “சாப்பிட்டபின் மாத்திரை”, “தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்” என்று அதில் வருவதையெல்லாம், நீங்கள் மருந்து விற்கிறவர் என்பதால் கம்பெனிச் செய்தி என்றே நினைத்தேன். நீங்கள் சவரம் செய்யும்போது நான்தானே வாசித்துக் காட்டுவேன்.

போன வாரம், நீங்கள் கிளம்பிய மறுநாள், “மனைவியையும் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்” என்று வந்தது. அதிலிருந்த எண்ணுக்குப் பேசிவிட்டுத் தனியாகப் போனேன்.

எச்.ஐ.வி. ஆலோசகர் எப்சி அக்கா, “அவரு உங்ககிட்ட சொல்லுதேன்னாருல்லா?” என்று கேட்டார்கள்.

சொல்லிவிட்டார் என்றேன்.

இன்று என் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. வரும் வழியில் பனங்கிழங்கு வாங்கினேன். அவிக்கவில்லை.

இனி இரண்டு பேருக்கும் ஒரே செய்தி போதும் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். எப்போதும்போல நானே வாசிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி