ஏழாம் பாராவில் ஒரு மாப்பிள்ளை

செவ்வாய், 9 ஜூலை 1968

விடியும்போதே புழுக்கம். கிணற்றில் வாளி தரை தட்டுகிறது. கிரேஸ் துணி துவைப்பதைத் தள்ளிப் போட்டாள். கட்டிய புருஷன் என்று அதற்கும் திட்டு எனக்குத்தான். கிணறு வற்றுவதற்குப் பொருளாதார வாத்தியார் என்ன செய்வான்?

எஸ்தர் கேஸுக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். அடுத்த செவ்வாய் செங்கல்பட்டு கோர்ட். இத்தனை வருஷம் வகுப்பில் கத்தியாயிற்று, கூண்டில் ஏறுவது இதுதான் முதல் தடவை. எங்கள் சபைப் போதகர் கேட்டார். மறுக்க முடியவில்லை.

எஸ்தரும் எங்கள் சபைதான். வயது இருபத்து நான்கு. புருஷன் தாமஸ் பல்லாவரத்தில் தோல் பதனிடும் ஷெட்டில் மேஸ்திரி. போன வருஷம் வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி அடித்தது. ஒரு பெண் குழந்தை, இப்போதுதான் நடக்கிறது. இருப்பு மாமியார் வீட்டில், குரோம்பேட்டை. தாமஸ் உயிரோடு இருந்திருந்தால் இனி எவ்வளவு சம்பாதித்திருப்பான், அதில் வீட்டுக்கு எவ்வளவு வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டும். லாரிக்கு இன்சூரன்ஸ் செய்த கம்பெனி அதைக் கொடுக்கும். அல்லது கொடுக்காது.

பணம் வந்தால் டீச்சர் டிரெயினிங் சேரப் போகிறாளாம். ஓர் அறை எடுத்துக்கொண்டு, குழந்தையையும் வைத்துக்கொண்டு, இரண்டு வருஷம். வராவிட்டால் மாமியார் வீட்டு அடுப்படிதான்.

லாக் டேபிள் காணோம். மண்ணெண்ணெய், பேனா மை, பல்பொடி வாங்க வேண்டும்.

புதன், 10

சாயங்காலம் எஸ்தர் வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. அது என் மேஜைக்கடியில் புகுந்து செருப்பைக் கடித்தது. தாமஸ் தனக்கென்று என்ன செலவு செய்வான் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

பீடி - கிடையாது.
வெற்றிலை - உண்டு.
டீ - ஷெட்டிலேயே.
சினிமா - மாசம் ஒன்று. அவளையும் கூட்டிக்கொண்டு.
சாப்பாடு - ?

சாப்பாட்டைக் கேட்டதும் குழந்தையை மேஜைக்கடியிலிருந்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "ஆள் போனப்புறம் அவரு துன்ன சோத்தைக் கணக்குப் பாக்கணுமா சார்?" என்றாள்.

பார்க்க வேண்டும். அவன் இனிச் சாப்பிடப் போவதில்லை என்பது கணக்கில் மிச்சம். நஷ்டஈடு கணக்கிடும் இங்கிலாந்துப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதை அவளுக்குத் தமிழில் சொல்ல நாக்கு கூசியது. "ஒரு முறைக்குத்தாம்மா" என்று மழுப்பினேன்.

"நல்லாத் துன்னுவாரு சார். மறைக்கக் கூடாதுல்ல" என்றாள்.

வெள்ளி, 12

அறிக்கை முடிந்தது. ஏழு பாரா. ஏழாவது, விதவை மறுமணம் செய்துகொள்ளும் வாய்ப்பு. புதுப் புருஷன் வந்தால் பழைய புருஷனால் வந்த நஷ்டம் அந்த அளவுக்குக் குறையும் என்பது புத்தகத்தின் கட்சி. வயது குறைவு, சபையில் தடை இல்லை, ஆகவே இத்தனை பங்கு கழிக்கலாம் என்று எழுதினேன்.

கிரேஸ் படித்தாள்.

"இதை யாரு கேட்டாங்க?"

"யாரும் கேக்கலை. முறைன்னு ஒண்ணு இருக்கு. ஒரே சபைப் பொண்ணுன்னு ஏத்திப் போட்டேன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது."

"உங்க நேர்மைக்கு அந்தப் புள்ளையோட பால் காசா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பெண்களுக்கு முறை என்றால் என்னவென்று தெரியாது என்று ஏதோ சொல்லிவிட்டேன். இவள் பி.ஏ., பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

மாலை திருநீர்மலை போய் எஸ்தரின் வக்கீல் ரங்கநாதனிடம் கொடுத்தேன். புரட்டினார். "பேஷா இருக்கு சார். லாக் டேபிள் எல்லாம் போட்டு ஜமாய்ச்சுட்டேள்." ஏழாம் பாரா பற்றி ஒரு வார்த்தை இல்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நல்ல காப்பி.

செவ்வாய், 16

இன்று ஆடிப் பிறப்பு என்று ரயிலில் பேசிக்கொண்டார்கள். செங்கல்பட்டில் அனல்.

எழுத உட்கார்ந்து இரண்டு தடவை எழுந்துவிட்டேன்.

பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம். ரங்கநாதன் கேட்டதற்கெல்லாம் வகுப்பு எடுப்பது போலச் சொன்னேன். ஜட்ஜ் குறித்துக்கொண்டார். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. பிறகு கம்பெனி வக்கீல் எழுந்தார். தங்க ஃபிரேம் கண்ணாடி, மெதுவான குரல். முதல் ஆறு பாராவைத் தொடவே இல்லை.

"புரொபசர், ஏழாம் பாரா உங்க சொந்த அபிப்பிராயம்தானே?"

"ஆமாம்."

"உங்க சர்ச்சுல விதவை மறுமணம் நடந்திருக்கா?"

"நடந்திருக்கு."

"நீங்க போயிருக்கீங்களா?"

"போன வருஷம் ஒண்ணுக்குப் போயிருந்தேன்."

"விருந்து சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"என்ன போட்டாங்க?"

"பிரியாணி."

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜும். அந்த மனிதர் எஸ்தர் பக்கம் கையைக் காட்டி, "பாருங்க, சின்ன வயசு. பார்வைக்கும் லட்சணமா இருக்காங்க. நீங்க போட்டிருக்கிற பங்கு கம்மின்னு தோணலையா?" என்றார். கூண்டில் இருந்துகொண்டு நானும் திரும்பி அவளைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். குழந்தையின் சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"இருக்கலாம்" என்றேன்.

ஏன் சொன்னேன்? சத்தியம் செய்திருக்கிறேன், இருக்கலாம்தானே. இந்தச் சமாதானத்தை ரயிலில் தாம்பரம் வரை சொல்லிப் பார்த்தேன். நிற்கவில்லை.

புதன், 17

ரங்கநாதன் கல்லூரிக்கே வந்துவிட்டார். மரத்தடியில் நின்று பேசினோம்.

"ஏழாவது பாராவை நான் படிச்சேன் சார். படிச்சும் மனசுல ஏறலை. எங்காத்துல அப்படி ஒரு விஷயத்தை நினைக்கவே மாட்டோம். என் அத்தை பதினெட்டு வயசுல தாலி அறுத்தவ, இன்னும் அப்படியே இருக்கா. ஏதோ இங்கிலீஷ் புஸ்தகச் சம்பிரதாயம்னு தாண்டிப் போயிட்டேன். முன்னாடியே நீங்க ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"நீங்க சம்மதிச்சதா நினைச்சேன்."

"இந்தக் கோர்ட்டுல எங்க மனுஷா கேஸ்ல எவனும் இதைக் கேக்க மாட்டான் சார். கேட்டா ஜட்ஜே அடிக்க வருவார். நீங்களே தட்டுல வெச்சு நீட்டிட்டேள்."

திட்டியிருந்தால் தேவலை. குரலில் வருத்தம்தான் இருந்தது. இரண்டாம் வகுப்புக்கு மணி அடித்தது. போய் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

சனி, 20

போதகர் மனைவி சொல்லிக் கிரேஸ் சொன்னது. எஸ்தரின் மாமியார் தண்ணிக் குழாயடியில் எல்லோர் காதிலும் விழும்படி: "புரொபசரு கோர்ட்டாண்ட சத்தியம் பண்ணி சொல்லிக்கீறாரு, இவ வேற கல்யாணம் கட்டிக்கினு பூடுவான்னு. இன்னாத்துக்கு நான் சோறு போட்டுக்கினு கீறேன்? போறவ போட்டும். புள்ள என் புள்ளையோட ரத்தம், அது என்னாண்டதான் இருக்கும்."

கிரேஸ் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். என்னைச் சாப்பிடவும் கூப்பிடவில்லை.

செவ்வாய், 30

லேசான தூறல், மண் நனையுமுன் நின்றுவிட்டது. தீர்ப்பு. நான் போகவில்லை. ரங்கநாதன் கல்லூரி ஆபீசுக்குப் போன் செய்தார்.

கேட்டதில் பாதிகூட இல்லை. மறுமணத்துக்கு நான் போட்டதைவிட அதிகம் கழித்திருக்கிறார் ஜட்ஜ், "வாதியின் நிபுணரே ஒப்புக்கொண்டபடி" என்று. குழந்தையின் பங்கு அது மேஜராகும் வரை பாங்கில். மாமியாருக்கு ஒரு பங்கு. எஸ்தர் கைக்கு வருவதில் டிரெயினிங் முடியாது, அறையும் எடுக்க முடியாது.

"அப்பீல்?"

"அதுக்குச் செலவு யார் பண்ணுவா சார்?"

நான் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மாதக் கடைசி. போனை வைத்துவிட்டார்.

வெள்ளி, 9 ஆகஸ்ட்

ஸ்டாஃப் ரூமில் ஒருவர் காத்திருந்தார். இன்சூரன்ஸ் கம்பெனி ஆள். "உங்க சாட்சி எங்க மேனேஜருக்கு ரொம்பப் பிடிச்சுது சார். இவ்வளவு நேர்மையா பேசற நிபுணரை நாங்க பாத்ததில்லை. இனிமே எங்க கேஸுங்களுக்கு வர முடியுமா?"

முடியாது என்றேன். நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. தாவரவியல்காரர் பேப்பரிலிருந்து தலை தூக்கிப் பார்த்தார்.

சாட்சி சொன்ன பிறகு என்னைப் பாராட்டியவர் இந்தக் கம்பெனி ஆள் ஒருவர்தான்.

ஞாயிறு, 18

வெயில். குடை எடுத்துக்கொண்டு போனேன். ஆராதனை முடியும் தறுவாயில் போதகர் கல்யாண ஓலை வாசித்தார். எங்கள் சபையில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம். எவனோ ஒரு டானியல், எவளோ ஒரு ஜெபமணி, மூன்றாம் தடவை. முன் வரிசையில் எஸ்தரின் மாமியார், மடியில் குழந்தை. பெயர் வாசிக்கும்போது கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். கடைசி பெஞ்சில் எஸ்தர். இரண்டு மூன்று பெண்களும் சேர்ந்து திரும்பினார்கள்.

வெளியே செருப்பு மாட்டும்போது எஸ்தர் பக்கத்தில் வந்து நின்றாள். இளைத்திருக்கிறாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுகூட இருந்தது.

"நல்லா இருக்கீங்களா சார்?"

"இருக்கேம்மா. நீ?"

"ஒவ்வொரு வாட்டி ஓலை வாசிக்கிறப்பவும் அத்தை திரும்பிப் பாக்குறாங்க சார். என் பேரு வருதான்னு."

நான் செருப்பு வாரையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

"கையில புள்ளையோட யாரு சார் வரப் போறாங்க? லாரிக் காசு வந்தவன்னு வேற பேராயிடுச்சு. நீங்க படிச்சவங்க, யோசிக்காம எழுதியிருக்க மாட்டீங்க. ஒருத்தரை மனசுல வெச்சுக்கிட்டுத்தானே எழுதினீங்க?" கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள். "யாருன்னு சொல்லுங்க சார். நான் போய்க் கேட்டுப் பாக்குறேன்."

உள்ளே குழந்தை அழும் சத்தம். போய்விட்டாள்.

வீடு வரை வெயிலில் நடந்து வந்த பிறகுதான் தெரிந்தது, குடையை அங்கேயே விட்டுவிட்டேன். யாரையாவது அனுப்பி எடுத்துவரச் சொல்ல வேண்டும்.