சர்வர் உன்னைத் தேடிய காலை

விசைப்பலகையைத் தொட்டதும் தைல வாசனை வந்தது. நம் கொடைக்கானல் ஈரத்துக்குப் பொத்தான்கள் ஒட்டிக்கொள்கின்றன என்று பஞ்சில் யூகலிப்டஸ் தைலம் தொட்டு நீதான் துடைத்துக்கொண்டிருப்பாய். நீ போய் மாதங்கள் ஆகின்றன. வாசனை போகவில்லை.

மழையில் போன மின்சாரம் இன்று காலையில்தான் வந்தது. ஆஸ்பத்திரி சர்வர் எழுந்துவிட்டது, ஆனால் நோயாளிகளின் பதிவுகளைத் திறக்கும் சர்வீஸ் மட்டும் எழவில்லை. கையால் தொடங்கிப் பார்த்தேன். முரண்டு பிடித்தது. நர்ஸம்மா எட்டிப் பார்த்தார்.

"சார், வலிப்பு வர்ற புள்ளையத் தூக்கிட்டு மேல்மலைப் போளூர்ல இருந்து வெள்ளனே வந்து உக்காந்திருக்காங்க. பழைய சீட்டத் தொலைச்சுட்டாங்களாம். மருந்து எவ்வளவு குடுத்தோம்னு பாக்கணும், வெரசா பாருங்க. அவரு இருந்தா..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது, உன்மேல்தான். இப்படியா ஒருவன் விட்டுவிட்டுப் போவான்?

நான் படபடக்கும்போதெல்லாம் நீ நாற்காலியை இழுத்துப் போட்டுச் சிரிப்பாய். "ஏலே, சும்மா தட்டி எழுப்பாத. ஏன் எந்திரிக்கலன்னு அதுவே எழுதி வச்சிருக்கும், மொத வாசி."

வாசித்தேன். சர்வர் ஒரு கணினியைத் தேடியிருக்கிறது, காத்திருக்கிறது, கிடைக்காமல் நின்றுவிட்டது. அந்தக் கணினிக்கு நீ வைத்தது உன் பெயர்.

பின்கட்டில் உன் அறையில் இருந்த பழைய கணினி அது. ஒருமுறை பதிவுகள் அழிந்துபோனபின், தினமும் ஒரு நகல் அங்கே சேரும்படி செய்தாய். "நகல் வைக்க எடமில்லன்னா சோலியவே ஆரம்பிக்கக் கூடாது" என்று சர்வரின் கோப்பிலும் அப்படியே எழுதிவைத்தாய். உன் காரியம் முடிந்து அறையைக் காலி செய்ய உன் அண்ணன் வந்தபோது, துணிமணிகளோடு அதையும் ஜீப்பில் ஏற்றினோம். அதன்பிறகு சர்வர் அணைந்து எழுந்தது இன்றுதான்.

உன் பெயருள்ள அந்த வரியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். விரல் போகவில்லை. உட்கார்ந்து அழுதேன். நர்ஸம்மா சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அழிக்கவில்லையடா. வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் (#) குறி மட்டும் போட்டு, கீழே என் கணினியின் பெயரை எழுதினேன். சர்வீஸ் எழுந்தது. பிள்ளைக்கு மருந்து கொடுத்து அனுப்பினார்கள்.

இனி மின்சாரம் போய் வந்தால் சர்வர் என்னைத் தேடும். நீ சொன்னபடி நகலுக்கு இடம் இருக்கிறது. ஹேஷ் போட்ட வரியைக் கணினி படிக்காமல் தாண்டிப் போய்விடும். அந்தக் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் நான் படிப்பேன்.