முதல் கைப்பிடி

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு, இயேசுவுக்கே புகழ்.

வயலை விற்க நான் சம்மதிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு காரைக்குடியில் உங்கள் தங்கை வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். இங்கே மழை பெய்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குச் சாமியார் விதைநெல்லை மந்திரித்துக் கொடுத்தார். நம் வீட்டில் முதல் கைப்பிடியைச் சிலுவை போட்டு மூத்த ஆண்தான் விதைப்பது வழக்கம். விதைக்கிற அன்று வெயில் ஏறும்வரை எல்லோரும் உங்களை எதிர்பார்த்து வரப்பில் நின்றார்கள்.

"அண்ணன் வந்துறட்டும் மதினி. பொம்பள வெதச்சா நல்லாவா இருக்கும்?" என்றார் உங்கள் தம்பி.

"உங்க அண்ணன் வர்ற வரைக்கும் ஈரம் காத்திருக்குமா? பெட்டிய இங்குட்டுக் குடுங்க" என்றேன்.

ஓலைப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, சிலுவை போட்டு, நானே வீசினேன். ஆண்டவர் என் கையைத் தட்டிவிடவில்லை. உங்கள் தம்பியும் பின்னாலேயே விதைத்துக்கொண்டு வந்தார்.

வயல் விற்பனைக்கு இல்லை. அதில் மாற்றமே இல்லை.

நீங்கள் விட்டுவிட்டுப் போன சர்க்கரை மாத்திரையைத் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். வேளை தவறாமல் போடுங்கள்.

கிணற்றடித் துண்டு நிலத்தை மட்டும் விதைக்காமல் விட்டிருக்கிறேன். பெட்டியில் மந்திரித்த நெல் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஈரம் வெள்ளிக்கிழமை வரை தாங்கும்.

உங்கள் வீட்டுக்காரி