அம்மா ஆள் மேய்க்கிறாள்

அக்டோபர் 6, திங்கள்

அம்மாவின் மவுசுக்கு அடியில், அதன் லைட்டை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டினேன். பதினாறு வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவள், லேப்டாப்பைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போட்ட பிறகுதான் மவுசைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"ஏண்டி லாவண்யா, இதுதான் ஒன் சோலியா?"

வழக்கமாகச் சிரிப்பாள். இன்றைக்கு இல்லை.

சாப்பிடும்போது விஷயம் வெளியே வந்தது. பஸ் டிக்கெட் விற்கும் அவள் கம்பெனியில், அவளை டீமுக்கு மேனேஜர் ஆகச் சொல்கிறார்கள். ஆனால் கம்ப்யூட்டர் கோடு எழுதுவதை விட்டுவிட வேண்டும். வேண்டாமென்றால் இப்போது போலவே எழுதலாம். மேனேஜர் வேலை வேறொருவருக்குப் போகும், மறுபடி வராது. தீபாவளிக்குள் பதில். அதுவரை மேனேஜர் வேலைக்கு ஒத்திகை.

"கோடைக்கானல்ல கோடு எழுதாம என்ன பண்றது?" என்றேன்.

கேரட் தோட்டத்திலிருந்து வந்த அப்பா மட்டும் சிரித்தார். "இந்த வில்பட்டிக்கு வாக்கப்பட்டு ஆடுகூட மேய்ச்சதில்ல. ஆளையாவது மேய்ச்சுப் பாரேன்."

அக்டோபர் 9

மேனேஜரம்மாவுக்குக் காலையிலிருந்து லேப்டாப்பில் மீட்டிங். "ஓகே", "ஷ்யூர்". இரண்டே வார்த்தைக்குச் சம்பளம்! ஆனால் சோற்றில் கையை வைத்துக்கொண்டு, "இன்னிக்கு நா ஒரு வேலையும் செய்யலடி" என்றாள். எனக்குக் கொடுத்தால் ஜாலியாகச் செய்வேன். அவளுக்கு ஏன் முகம் அப்படி ஆகிறது?

அக்டோபர் 12, ஞாயிறு

அம்மாவைக் கையும் லேப்டாப்புமாகப் பிடித்தேன். வெள்ளனே எழுந்து கம்பளிக்குள் டொக்கு டொக்கு. டீமில் புதிதாகச் சேர்ந்த ஜெயமுருகன் அண்ணன், பழனியிலிருந்து வேலை பார்ப்பவர். அவர் எழுதியதை, அவர் எழுந்திருப்பதற்குள் அழித்துவிட்டு இவளே எழுதுகிறாள்.

"அவன் இழுத்துக்கிட்டு கெடப்பான். நா வெரசா முடிச்சிருவேன்."

"அப்ப என் ரெக்கார்டு நோட்டையும் முடிச்சுக் குடு."

"அத நீதான் எழுதணும்" என்றாள். டொக்கு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

அக்டோபர் 13

ஜெயமுருகன் அண்ணன் போனில் பேசியது சமையலறைவரை கேட்டது. "அக்கா, எல்லாத்தையும் நீங்களே எழுதிட்டா நா எதுக்கு இருக்கேன்?"

"நாளைக்குப் பேசலாம்" என்று அம்மா போனை வைத்துவிட்டாள். இன்றைக்கு நான் ஒரு குறும்பும் செய்யவில்லை. (சரித்திரத்தில் முதல் தடவை.)

சாயங்காலம், "எனக்கு இது ஆகாது. வேணாம்னு எழுதிப் போட்டுர்றேன்" என்றாள்.

"போடு. வருத்தத்துல மட்டும் போடாத" என்றார் அப்பா.

அக்டோபர் 16

பேய் மழை. மரம் விழுந்து கேபிள் அறுந்தது, கரண்டும் போச்சு. அந்த நேரம் பார்த்து ஜெயமுருகன் அண்ணன் போன். அவர்கள் சாஃப்ட்வேர் ஒரே பஸ் சீட்டை இரண்டு பேருக்கு விற்கிறதாம் — தீபாவளிக் கூட்டத்தில்! சொல்லி முடிப்பதற்குள் சிக்னலும் அவுட். சிக்னல் தேடி அம்மாவும் நானும் மேட்டு ரோட்டுக்கு ஓடினோம். குடை என் கையில்.

"மொதல்ல விக்கிறத நிறுத்து. நிறுத்திட்டியா? இப்ப என்ன தெரியுது, சொல்லு."

அவள் விரல்கள் என் தோளில் டைப் அடித்தன. என் கணக்கில் தப்பைக் கண்டுபிடித்தால் அம்மாவுக்கு ஒரு முகம் வரும். அது வந்துவிட்டது. சொல்லிவிடுவாள், இதோ சொல்லிவிடுவாள் —

"ம்... வேற எங்க பாக்கலாம்?"

சொல்லவில்லை!

அந்தப் பக்கம் ஒரே கத்தல். "அக்கா, மாட்டிக்கிச்சு! சீட்ட லாக் பண்றதுக்கு முந்தியே பணத்த வாங்குது!"

"அதேதாம்லே!" அம்மா குதித்ததில் குடை பறந்தது. நனைந்துகொண்டே சிரித்தாள்.

"நீ ஒரு வரிகூட எழுதலியேம்மா?"

"ஆமாடி. ஆனா இன்னிக்கு வேல செஞ்சேன்."

அக்டோபர் 18

பதில் அனுப்பிவிட்டாள். என்னவென்று கேட்டால், "காபி போட்டுக் கொண்டா, சொல்றேன்." கொண்டுபோனேன். உப்புப் போட்டது தப்பு. சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள்.

நவம்பர் 3, திங்கள்

ஜெயமுருகன் அண்ணன் தான் எழுதியதை மேனேஜரம்மாவுக்கு லேப்டாப் திரையில் காட்டிக்கொண்டிருந்தார். எங்கோ தப்பு. அம்மா உதட்டைக் கடித்ததிலேயே தெரிந்தது. ஆனால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"நிதானமா பாரு ஜெயமுருகா. எனக்கொண்ணும் அவசரமில்ல."

பொய். கால் ஆடிக்கொண்டிருந்தது.

பிஸ்கட் தட்டை நீட்டினேன். கையை எடுத்தால் அது நேராக கீபோர்டுக்குப் போய்விடும் என்று பயம்போல. வாயை மட்டும் திறந்தாள்.

ஊட்டிவிட்டேன்.