‘சம்’ என்று கூப்பிடுகிற துரை

ராஜபாளையம்,
1901, ஐப்பசி.

அன்பு மகன் சேக் முகைதீனுக்கு அத்தா எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையில் நானும் உன் அம்மாவும் தம்பி முத்து முகம்மதுவும் சுகம், கண்டிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, இங்கே மழை இன்னும் இறங்கவில்லை.

உன் காகிதம் கிடைத்தது. தோட்டத்துத் துரை இப்போதெல்லாம் உன் தோளில் தட்டி ‘சம்’ என்று கூப்பிடுவதாகவும், ஊரிலிருந்து முப்பது பேரை வரவழைத்துத் தரச் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். அக்கரைக் காகிதம் யாருக்கு வந்தாலும் எல்லோரும் கேட்க வாசிப்பதுதானே வழக்கம், நானும் பெருமையாக நம் கடையில் வைத்து வாசித்துவிட்டேன், அது என் தப்பு. உப்பு வாங்க வந்த மகாராஜபுரத்துச் சமுத்திரம், “ராவுத்தரய்யா, ஒம்ம மவனையே தொர தோளத் தட்டிக் கூப்பிடுதான்னா எங்கள அடிக்கவா போறான்?” என்று சொல்லிவிட்டுப் போய் ஏர்மாட்டை விற்றுவிட்டான். மாதம் பிறந்ததும் பெண்டாட்டி குருவம்மாளோடும் நான்கு பிள்ளைகளோடும் கண்டிக்கு வர சாத்தூரில் ரயிலேறப் போகிறான்.

எனக்கு மனம் கேட்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் மனு எழுதுகிற சுந்தரபாண்டியனிடம் போய் அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டேன். “என்ன ராவுத்தரே, ஒம்ம மவன் தொரைக்கு மச்சானாயிட்டானாக்கும்?” என்று சிரித்தார். இங்கிலீஷில் கூட்டாளி என்று அர்த்தமாம், விளையாட்டாகச் சொல்வதாம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் பெரிய படிப்புக்குப் போன இடத்தில் இரண்டு பேரை ஒரே அறையில் தங்க வைப்பார்களாம், அறைக்கு அவர்கள் பாஷையில் சேம்பர், அதில் கூட இருப்பவனைக் குறுக்கிக் கூப்பிட்டு இப்படி ஆகியிருக்கலாம், உறுதியாகத் தனக்கும் தெரியாது என்றார்.

சரி, கேட்கிறேன். துரையின் அறைக்குள் ஒரு நாளாவது நீ உட்கார்ந்திருக்கிறாயா? அவன் குதிரை எதிரே வந்தால் கொட்டுகிற மழையிலும் குடையை மடக்க வேண்டும் என்று போன வருடம் நீதானே எழுதினாய், இப்போது விரித்துப் பிடிக்க விடுகிறானா? ஆள் தேவைப்பட்ட மாதத்தில்தான் இந்தச் செல்லப்பெயர் வந்திருக்கிறது. இங்கே பண்ணைக்காரர்களும் அறுப்புக்கு ஆள் குறைந்தால் அப்பு, ராசா என்பார்கள், களத்தைக் கூட்டியதும் பழையபடி ஏலேதான். ஆள் சேர்த்துக் கொடுத்தால் தலைக்கு உனக்கு என்ன தருவதாகச் சொல்லியிருக்கிறான் என்பதை மட்டும் ஏன் எழுதவில்லை?

நேற்று குருவம்மாள் வந்து, “அங்கன மழைக்காலத்துல எம்புட்டுப் புள்ளைக செத்துச்சுன்னு மட்டும் கேட்டு எழுதுங்க, வேற ஒண்ணும் வேண்டாம்” என்றாள். கூலிச் சனம் குடியிருக்கிற லயத்தில் போன மழைக்கு எத்தனை குழி வெட்டினார்கள் என்று எண்ணிக்கை எழுது, கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

தலைக்கு எண்ணெய் வை, வெந்நீர் குடி, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நேர்மையான நாவும் தருவானாக. பதிலைத் தபாலில் சேர்க்கும் முன் ஒன்று செய். அந்த முப்பது பேரில் முதல் பெயராக உன் தம்பி பெயரை எழுதிப் பார். கை வரவில்லையென்றால் சமுத்திரத்தை வர வேண்டாம் என்று தந்தி அடி.

உன் அத்தா,
ஜமால் முகமது