மறுநாள் காலையில் அவள்

அக்கா,

குளிர் தொடங்கிவிட்டது. இன்று கட்டில் பெட்டியைத் திறந்து ரஜாய்களை, அந்தப் பஞ்சுப் போர்வைகளை, உதறியபோது, நாப்தலின் வாசனையோடு நீங்கள் வாசித்துக் காட்டிய பழைய நாவலும் மடிப்பிலிருந்து விழுந்தது. அப்படியே அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டவர்கள் நாம். தலைநகரில், துவாரகாவின் இந்த ஐந்தாம் மாடி அடுப்படியில் நான் சப்பாத்தி இட, நீங்கள் மேடையோரம் நின்று வாசிப்பீர்கள். தமிழ் எம்.ஏ. படித்த குரல். கதையின் நாயகி தாலி கட்டியவனிடம் "நான் போகிறேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடப்பதோடு நாவல் முடிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்கள் புத்தகத்தை மூடினீர்கள்.

"போனா, சரி. மறுநாள் காலைல எங்க பல்லு விளக்கினா? அதை எழுதலையே."

பிறகு மோதி பாக் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லித்தர உங்களைக் கூப்பிட்டார்கள். உங்கள் வீட்டுக்காரர் செய்தித்தாளிலிருந்து நிமிரவில்லை. "அம்மாவை யார் பாத்துப்பா?" என்றார். உள்ளறையில் அத்தை இருமினார். பேச்சு அதோடு முடிந்தது.

சில நாள் கழித்து, கொத்தமல்லி வாங்கப் போன நீங்கள் மாலைவரை வரவில்லை. வந்ததும், கொத்தமல்லியை அலசிக்கொண்டே என்னிடம் மட்டும் சொன்னீர்கள்.

"மெட்ரோல கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போனேன். இறங்கி நின்னேன். என்னைத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு. அத்தைக்கு மாத்திரை குடுக்கணுமேன்னு எதிர் வண்டில ஏறிட்டேன்."

இந்த வருட மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் உங்களைக் கொண்டுபோயிற்று. காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும், "எவ்வளவு அனுசரிச்சுப் போனவ" என்றே புகழ்ந்தார்கள். இப்போது மாத்திரை கொடுப்பது நான்.

நேற்று அத்தை யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "சின்னவளும் பெரியவ மாதிரிதான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டா."

கையில் மாவோடு அறை வாசலில் போய் நின்றேன். "பேசுவேன் அத்தை" என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டு, "காபி ஆச்சா?" என்றார். கலந்து கொடுத்தேன்.

அவ்வளவுதான் நடந்தது. நான் எங்கும் போய்விடவில்லை, அக்கா. ஆனால் அப்போது வந்த குரல் எனக்கே புதிது. அது இன்னும் தொண்டையில்தான் இருக்கிறது. அடுத்து என்ன சொல்லுமோ என்று பயந்துகொண்டே அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.